ரீச்சர், ஒரு விசயம் கேட்க வேண்டும்: பள்ளிக்கூடத்தோடு கதைப்பது பற்றி மட்டக்களப்புப் பெற்றோர் அடிக்கடி கேட்பவை

31 வருடம் ஆரம்பப் பிரிவில் படிப்பித்தேன். பாதி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே படுவான்கரையில், பாதி கிழக்கே எழுவான்கரையில். ஓய்வு பெற்ற பிறகும் கேள்விகள் ஓயவில்லை. கோவில் வாசலில், களுவாஞ்சிகுடிச் சந்தையில், ஆஸ்பத்திரி வரிசையில் யாராவது ஒரு தாய் கையைப் பிடித்து நிறுத்துவார். கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள். திரும்பத் திரும்பச் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

அதற்கு முன் ஒரு கதை. என் முதல் பாடசாலையில் தரம் 1க்கு வந்த ஒரு பெண்பிள்ளை, வரவு கூப்பிடும்போது வாயே திறப்பதில்லை. மூன்று முறை கூப்பிட்டாலும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். காது கேட்கவில்லை என்று நானே முடிவுகட்டி, ஆஸ்பத்திரியில் காட்டச் சொல்லித் துண்டு எழுதி அனுப்பினேன். மறுநாள் அம்மம்மா வந்து நின்று சிரித்தார். "பதிவில் இருக்கிற பெயர் அவளுக்கே தெரியாது ரீச்சர். பிறந்த நாளிலிருந்து கிளி என்றுதான் கூப்பிடுகிறோம்." இரண்டு கிழமையாக நான் ஒரு பிள்ளையைச் செவிடாக்கி வைத்திருந்தேன். கீழே வரும் பதில்களில் அந்த அம்மம்மா எங்காவது ஒரு மூலையில் நிற்பார்.

1. கூட்டத்துக்கு வராவிட்டால் என்ன ரீச்சர்? வந்தால் காசும் சிரமதானமும்தானே கதைக்கிறார்கள்?

பெரும்பாலும் உண்மை, மறுக்கமாட்டேன். கூரை ஓடு, மதில், விளையாட்டுப் போட்டிக்கு எவ்வளவு, பிறகு கையொப்பம். ஒரு பிள்ளையின் பெயர்கூட வராமல் கூட்டம் முடிந்துவிடும். அதையே அறிக்கையில் "பெற்றோர் ஒத்துழைப்பு சிறப்பு" என்று எழுதிவிடுவோம். பாடசாலையும் குடும்பமும் சேர்ந்து செய்யக்கூடியவற்றை அமெரிக்க ஆய்வாளர் ஜாய்ஸ் எப்ஸ்டைன் ஆறாகப் பிரித்தார்: பிள்ளை வளர்ப்பு, ஒருவருக்கொருவர் தகவல் சொல்வது, பாடசாலைக்கு உழைப்புக் கொடுப்பது, வீட்டில் படிப்புக்குத் துணை நிற்பது, முடிவெடுப்பதில் பங்கு, ஊரோடு சேர்ந்து இயங்குவது. மதில் கட்டுவது இந்த ஆறில் ஒன்று. மற்ற ஐந்துக்கும் நம் கூட்டங்களில் நேரம் மிஞ்சுவதில்லை.

ஆனாலும் வாருங்கள். கூட்டம் கலைந்த பிறகு வகுப்பாசிரியர் பத்து நிமிடமாவது நிற்பார். பிள்ளையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது பாதி, உங்களுக்குத் தெரிந்தது பாதி. இரண்டும் சந்திக்க வருடத்தில் கிடைக்கும் சில இடங்களில் அந்தப் பத்து நிமிடமும் ஒன்று.

2. அவர் கடையை விட்டு வரமாட்டார். நான் மட்டும் போனால் போதுமா?

போதும். பிள்ளையோடு கூடிய நேரம் இருப்பவர் யாரோ அவர் வந்தால் சரி. ஆண் ஆசிரியரோடு தனியாகக் கதைக்கக் கூச்சப்படும் உம்மாமார் ராத்தாவையோ பக்கத்து வீட்டு மாமியையோ கூட்டிக்கொண்டு போகலாம். வாசல்வரை வந்து திரும்பிப் போகாதீர்கள்.

3. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எனக்கு எழுத வாசிக்க வராது. நான் எப்படிப் பிள்ளைக்குப் படிப்பில் உதவுவது?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பல தாய்மார் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். தாழ்த்தத் தேவையில்லை. பாடம் சொல்லிக் கொடுப்பது எங்கள் வேலை, அதற்குத்தான் சம்பளம். 2009இல் ஹில், டைசன் என்ற இரு ஆய்வாளர்கள், இடைநிலை வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோர் பற்றிய 50 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். வீட்டுப்பாடத்தில் பெற்றோர் நேரடியாகக் கைவைப்பதால் உறுதியான பயன் தெரியவில்லை. படிப்பு எதற்கு, நாளை என்ன செய்ய ஆசை, இன்றைய பாடம் எங்கே உதவும் என்று வீட்டில் கதைப்பதுதான் தேர்ச்சியோடு வலுவாகச் சேர்ந்திருந்தது. அந்தக் கதைக்கு எழுத்து வேண்டியதில்லை.

கொப்பியைப் பார்க்கவும் எழுத்து வேண்டியதில்லை. சிவப்பு மையைப் பாருங்கள். இரண்டு கிழமையாக ஒரு கொப்பியில் சிவப்பே விழவில்லை என்றால், பிள்ளை எழுதவில்லை அல்லது ஆசிரியர் பார்க்கவில்லை. எது என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. இரவில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, இன்று எழுதியதை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். தடுக்கித் தடுக்கி வாசிக்கிறதா, மனப்பாடமாக ஒப்பிக்கிறதா என்பது காதுக்கே தெரிந்துவிடும். படத்தை மறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லிப் பாருங்கள், அப்போது இன்னும் நன்றாகத் தெரியும். என் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வாசிக்க வராது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் பன்பாய் இழைக்கும் அவனுடைய தாய். அவருக்கும் வாசிக்க வராது. புத்தகத்தைத் தலைகீழாகக் கொடுத்தபோதும் அவன் அதே வேகத்தில் "வாசித்தானாம்".

4. "எப்படிப் படிக்கிறான்?" என்று கேட்டால் ரீச்சர் "பரவாயில்லை" என்கிறார். அதற்கு மேல் என்ன கேட்பது?

அகலமான கேள்விக்கு அகலமான பதில்தான் வரும். நாற்பது பிள்ளைகளை வைத்திருக்கும் ஒருவர் திடீரென்று கேட்டால் வேறென்ன சொல்வார்? சின்னதாகக் கேளுங்கள். "எந்தக் கணக்கில் நிற்கிறான்?" "யாருக்குப் பக்கத்தில் இருக்கிறான்?" "இடைவேளையில் யாரோடு விளையாடுகிறான்?" "விளங்கவில்லை என்றால் கை தூக்குகிறானா, பேசாமல் இருக்கிறானா?" கடைசியாக, "வீட்டில் இந்தக் கிழமை நான் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்." ஒன்றுதான். ஐந்தைச் சொன்னால் ஒன்றையும் செய்யமாட்டோம்.

நீங்களும் சொல்ல வேண்டும். பல பெற்றோர் கேட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டில் எதை விரும்பிச் செய்கிறான், எதற்குப் பயப்படுகிறான், காலையில் சாப்பிட்டுவிட்டு வருகிறானா, புதிதாகத் தம்பி பிறந்திருக்கிறானா, இவை எதுவும் வரவுப் பதிவேட்டில் இல்லை. கிளியின் பெயரும் அப்படித்தான்.

5. பாடசாலை அபிவிருத்திச் சங்கம் என்றால் என்ன? அது பெரிய ஆட்களுக்குரியது இல்லையா?

உங்களுக்கும் உரியது. அதிபர்தான் தலைவர். ஆசிரியர்கள், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் சேர்ந்ததுதான் சங்கம். பொதுக்கூட்டத்தில் கணக்கு வாசிப்பார்கள், நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்வார்கள். ஊரில் கடையோ உழவு இயந்திரமோ வைத்திருப்பவர்களின் பெயர்தான் முதலில் முன்மொழியப்படும். நீங்கள் பக்கத்தில் இருப்பவரை முன்மொழிந்தால் யாரும் தடுக்க முடியாது.

கணக்கில் ஐந்நூறு ரூபாய் குறைந்தால் கை தூக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். நல்லது. ஆனால் 31 வருடத்தில் ஒருவர்கூட எழுந்து, "தரம் 3இல் எத்தனை பிள்ளைகளுக்கு இன்னும் வாசிக்க வராது?" என்று கேட்டதை நான் காணவில்லை. யாராவது கேட்டிருந்தால் முதலில் வியர்த்திருப்பவள் நான்தான். பிறகு நன்றி சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன்.

6. காசு கட்டாவிட்டால் பிள்ளையை ஒதுக்கிவிடுவார்கள் என்று பயம்.

ஒதுக்கக்கூடாது. அரச பாடசாலையில் கல்வி 1945இலிருந்து இலவசம். பாடநூலும் சீருடைத் துணியும் அரசு கொடுக்கிறது. நல்ல காரியத்துக்கு இயன்றதைக் கொடுங்கள், பற்றுச்சீட்டு வாங்குங்கள். இயலாவிட்டால் அதிபரிடம் நேரே சொல்லுங்கள். ஒரு நாள் உழைப்பையோ நாலு தென்னம்பிள்ளையையோ கொடுக்கலாம். பெற்றோரிடம் கேட்க வேண்டியதைப் பிள்ளையிடம் வகுப்பில் கேட்பதுதான் தவறு.

இதை நல்லவள் போல் சொல்கிறேன். ஒரு பாடசாலையில் காசு கொண்டுவராத பிள்ளைகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதச் சொன்னார்கள். நானும் எழுதினேன். மறுநாள் மூன்று பேர் வரவில்லை. அவர்களில் ஒருவன் பிறகு வரவே இல்லை.

7. வெள்ளாமை வெட்டுக் காலத்தில் பிள்ளையையும் வயல் வாடிக்குக் கூட்டிக்கொண்டு போகிறோம். இரண்டு கிழமைதானே?

யானைக்குப் பயந்து இரவும் பகலும் வாடியில் கிடப்பவர்கள் பிள்ளையை வீட்டில் தனியாக விடமுடியாது. அது எனக்கு விளங்குகிறது. சட்டத்துக்கு விளங்காது: 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக்கு அனுப்புவது கட்டாயம். 14 ஆக இருந்ததை 2016இல் 16 ஆக்கினார்கள். உயர்தரத்தில் பாடசாலைப் பரீட்சார்த்தியாகத் தோற்ற 80 வீத வரவும் கேட்பார்கள். பெரும்போக வெட்டு வருவது பெரும்பாலும் முதல் தவணையில், புதுப் பாடங்கள் தொடங்கும் நேரம். வகுத்தல் தொடங்கிய கிழமை வாடிக்குப் போன பிள்ளை, திரும்பி வந்து மற்றவர்கள் வகுத்துக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

முதலில் சித்தி, மாமி என்று ஊரில் யாரிடமாவது விடமுடியுமா என்று பாருங்கள். முடியவே முடியாது என்றால், போவதற்கு முன் வகுப்பாசிரியரிடம் சொல்லுங்கள். சொல்லிவிட்டுப் போன பிள்ளைக்கு நான் நாலு பக்கம் எழுதிக் கொடுத்து அனுப்புவேன், வந்ததும் தனியாக இருத்திக் கவனிப்பேன். சொல்லாமல் போன பிள்ளையை "இவன் இப்படித்தான்" என்று நினைத்துவிடுவேன். நியாயமில்லை, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

8. ஆசிரியர்கள் எல்லோரும் பட்டணத்திலிருந்து வருகிறார்கள். மணி அடித்ததும் பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். எப்போது கதைப்பது?

படுவான்கரையின் நிரந்தரக் குறை. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை, வாவியைக் கடக்கப் பாதை என்கிற மிதவைக்குக் காத்துக் கிடந்தோம். பாலம் வந்தும் அவசரம் போகவில்லை. ஒன்றரைக்கு மணி அடித்தால் அந்த பஸ்ஸை விட்டவர் வீடு சேர இருட்டிவிடும். ஆகவே பின்னேரத்தை மறந்துவிடுங்கள். காலையில், மணி அடிக்க முன் ஐந்து நிமிடம் நல்ல நேரம். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி எழுதி அனுப்புவதும் நல்லது. நீங்கள் சொல்ல மூத்த பிள்ளை எழுதினாலும் போதும்.

இன்னொன்று. வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு நடக்கும்போது அந்த ஆசிரியரை வரச் சொல்லுங்கள். ஒரு நாள் உங்கள் ஊரில் சாப்பிட்டவர், மறுநாள் வகுப்பில் உங்கள் பிள்ளையைப் பார்க்கும் பார்வை வேறாக இருக்கும். அனுபவத்தில் சொல்கிறேன்.

9. தாய் குவைத்தில். பேத்தியை நான்தான் பார்க்கிறேன். என்னைப் பெற்றோராக எடுப்பார்களா?

எடுக்க வேண்டும். நம் மாவட்டத்தில் எத்தனை வகுப்புகள் அம்மம்மாமாரின் தோளில் நடக்கின்றன என்பது எந்த ஆசிரியருக்கும் தெரியும். ஆனால் பாடசாலைப் பதிவில் தாயின் பெயரும், அடைத்துப்போன ஒரு தொலைபேசி எண்ணும்தான் இருக்கும். 2013இலிருந்து வெளிநாட்டு வீட்டு வேலைக்குப் போகும் தாய்மாரிடம் குடும்பப் பின்னணி அறிக்கை கேட்டார்கள். பிள்ளையை யார் பார்ப்பார் என்று அதில் எழுதிக் கொடுத்தவர்களே அந்தப் பெயரைப் பாடசாலையில் எழுதிக் கொடுக்கவில்லை. யாரும் கேட்கவுமில்லை. நாளைக்கே போய், "இந்தப் பிள்ளைக்குப் பாதுகாவலர் நான்தான்" என்று சொல்லி உங்கள் பெயரையும் எண்ணையும் பதியச் சொல்லுங்கள். தாயிடமிருந்து கையொப்பமிட்ட கடிதம் ஒன்று வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது.

தாயையும் விட்டுவிடாதீர்கள். இங்கே காலை பத்து மணிக்குக் கூட்டம் நடக்கும்போது குவைத்தில் ஏழரை. அவர் அடுப்படியில் நிற்பார். அவருக்கு ஓய்வு கிடைக்கும் நேரம் இங்கே நள்ளிரவாக இருக்கும். ஆகவே குரல் பதிவாக அனுப்பலாம். தேர்ச்சி அறிக்கையைப் படம் பிடித்து அனுப்பி, "நீங்கள் அவளிடம் இதைக் கேளுங்கள்" என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்லுங்கள். "நல்லாப் படி மகள்" என்று வாரம் முழுக்கச் சொல்வதைவிட, "அந்தத் தவளைப் பாட்டைப் பாடு பார்க்கலாம்" என்று தாய் கேட்டால் பிள்ளை அதை அடுத்த நாள் வகுப்பில் வந்து சொல்லும். எனக்குச் சொல்லியிருக்கிறது.

தாய் பேசிய மறுநாள் சில பிள்ளைகள் வகுப்பில் சுருண்டு போயிருப்பார்கள். எந்த நாள் அழைப்பு வரும் என்பது ஆசிரியருக்குத் தெரிந்தால், அன்று கேள்வி கேட்டு நிறுத்தாமல் விடுவார்.

10. தரம் 5க்கு நல்ல டியூஷனுக்கு அனுப்புகிறோம். பிறகு பள்ளிக்கூடத்தோடு என்ன கதை?

டியூஷன் வேண்டாம் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. சொல்லிக் களைத்துவிட்டேன். தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சை இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. டியூஷன் மாஸ்டர் அந்த 200க்கு ஆயத்தம் செய்வார். பிள்ளை ஏன் பிழை விட்டது என்று தேட நூறு பேர் இருக்கும் கொட்டிலில் அவருக்கு நேரமில்லை. டியூஷன் தாளை வகுப்பாசிரியரிடம் காட்டுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் முதலில் முகம் சுளிப்பார்கள்; பிறகு தாளைப் பார்ப்பார்கள், பார்க்காமல் இருக்கமுடியாது. வெட்டுப்புள்ளி வந்த நாளில் ஊர் முழுக்கப் புள்ளி கேட்கும்போது பிள்ளையை ஒளித்து வைக்கும் வீடுகளும் உண்டு. அந்தப் பிள்ளையை மறுநாளும் பாடசாலைக்கு அனுப்புங்கள்.

11. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறேன். அது போதாதா?

அறிவித்தலுக்குப் போதும். உங்கள் பிள்ளையின் பிழையையோ அடுத்த வீட்டுப் பிள்ளையின் பிழையையோ அதில் போடாதீர்கள். காலை வணக்கப் பூக்களுக்கு நடுவில் முக்கியமான செய்தி தொலைந்துவிடுகிறது என்று ஆசிரியர்களும் முறையிடுகிறார்கள்.

12. (இது ஓர் இளம் ஆசிரியை கேட்டது) நாங்கள் கூப்பிட்டும் பெற்றோர் வருவதில்லையே. அக்கறையில்லாதவர்களை என்ன செய்வது?

தங்கச்சி, கடைசியாக எதற்குக் கூப்பிட்டீர்கள்? சண்டை, வரவின்மை, குறைந்த புள்ளி. பாடசாலைக் கடிதம் என்றாலே குற்றப்பத்திரிகை என்று ஊருக்குப் பழகிவிட்டது. ஆண்டின் முதல் அழைப்பு ஒரு நல்ல செய்திக்காக இருக்கட்டும். "உங்கள் மகன் இன்று ஒரு பிள்ளைக்குப் பேனை கொடுத்தான்" என்பதுகூடப் போதும்.

வருபவருக்கு ஒரு நாட்கூலி போகிறது என்பதையும் நினைக்க வேண்டும். கல் உடைப்பவர், மேசன் வேலைக்குப் போகிறவர் காலை ஒன்பது மணிக் கூட்டத்துக்கு வந்தால் அன்று வீட்டில் அடுப்பு மெலியும். ஒரு தவணையில் நாங்கள் கூட்டத்தை மாலை ஐந்து மணிக்கு ஊர் வாசிகசாலையில் வைத்தோம். அதுவரை முகமே தெரியாத தகப்பன்மார் சைக்கிளில் வந்து நின்றார்கள். கதிரைகளையும் கவனியுங்கள். பிள்ளைகளின் குட்டிக் கதிரையில் முழங்கால் முட்ட ஒரு மனிதரை இருத்திவிட்டு நாங்கள் நின்றுகொண்டு பேசுகிறோம். அவர் எப்படி வாய் திறப்பார்?

13. சேர் பிள்ளைக்கு அடித்துவிட்டார். போய்க் கேட்டால் பிள்ளையைப் பழிவாங்குவார்களே?

தொடக்கத்தில் நானும் பிரம்பு வைத்திருந்தவள்தான். அதை மறைத்துவிட்டு இதற்குப் பதில் சொல்லக்கூடாது. உடல்ரீதியான தண்டனை கூடாது என்று கல்வி அமைச்சு 2005இலும் 2016இலும் சுற்றறிக்கை விட்டது. ஆசிரியரிடம் அறை வாங்கிய ஒரு மாணவனின் வழக்கில், அது அடிப்படை உரிமை மீறல் என்று 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "நாலு அடி போட்டாவது படிப்பியுங்கள் சேர்" என்று சேர்த்துவிடும் அன்றே சொல்கிற பெற்றோரும் இதில் பங்காளிகள். அந்த வசனத்தை முதலில் நிறுத்துங்கள்.

காயம் இருந்தால் முதலில் ஆஸ்பத்திரி. இல்லாவிட்டால் கோபம் ஆறும்வரை ஒரு இரவு பொறுத்து, நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, இன்னொரு பெற்றோரையும் கூட்டிக்கொண்டு அதிபரிடம் போங்கள். எழுத்தில் கொடுங்கள், ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தீராவிட்டால் கோட்டக் கல்வி அலுவலகம், பிறகு வலயக் கல்வி அலுவலகம். சிறுவர்களுக்கான 1929 எண்ணுக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். பழிவாங்கல் பயம் பொய்யல்ல. ஆனால் தனியாகப் போய் வாசலில் சத்தம் போட்டவரின் பிள்ளைக்கு நேர்ந்ததை, இருவராகப் போய்க் கடிதம் கொடுத்தவரின் பிள்ளைக்கு நேர்ந்ததாக நான் காணவில்லை. எட்டாம் பதிலில் சொன்ன காலை ஐந்து நிமிடங்கள் ஏற்கெனவே பழக்கமாக இருந்தால், பாதிச் சங்கதி இந்த அளவுக்கு வராது.

14. மகன் தரம் 10. படிக்கமாட்டேன், கடலுக்குப் போகிறேன் என்கிறான்.

வயது 15 என்றால் வேலைக்கு வைத்துக்கொள்வது சட்டப்படி பிழை. 2021இல் அந்த எல்லையை 16 ஆக்கிவிட்டார்கள். சட்டத்தைச் சொல்லி அவனை இருத்த முடியாது என்பதும் தெரியும். கடல் தொழில் குறைந்த தொழில் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவனுடைய அப்பாவை அவமதித்ததாகிவிடும்.

வகுப்பாசிரியரிடம் ஒரு கேள்வி: "எந்தப் பாடத்தில், எந்த வருடத்தில் இவன் அறுந்து போனான்?" பெரும்பாலும் ஒரு பாடமாகத்தான் இருக்கும். அல்லது ஒரு ஆசிரியராக. அடுத்தது, 2017இல் தொடங்கிய 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வியில், சாதாரண தரத்தில் சித்தியடையாதவர்களும் தொழிற்பாடப் பிரிவில் தொடர்ந்து படிக்கலாம். எல்லாப் பாடசாலையிலும் இல்லை; அருகில் எங்கே இருக்கிறது என்று வலயக் கல்வி அலுவலகத்தில் கேட்டுவிட்டு, பிறகு அவனோடு கதையுங்கள். இயந்திரம் திருத்தப் படித்தவன் நாளை கடலுக்குப் போனாலும் தன் படகைத் தானே திருத்துவான்.

15. வீட்டில் அவர் குடித்துவிட்டுச் சண்டை. பிள்ளை படிப்பதில்லை. இதைப் போய்ப் பாடசாலையில் எப்படிச் சொல்வது? மானம் போகாதா?

நாலாம் பதிலில் "நீங்களும் சொல்லுங்கள்" என்று எழுதினேன். எல்லாவற்றையும் சொல்லுங்கள் என்று எழுதவில்லை. "இரவில் சரியாகத் தூங்குவதில்லை, வீட்டில் எழுத இடமில்லை, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்" என்றால் போதும். காரணத்தைச் சொல்லும் கடமை உங்களுக்கு இல்லை. நம்பும் ஒருவரிடம் மட்டும் சொல்லுங்கள். பிள்ளையின் உடம்புக்கே ஆபத்து என்றால் அது மானக் கதை அல்ல; பிரதேச செயலகத்தில் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் இருக்கிறார், 1929 இருக்கிறது.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. ஒரு தாய் இதே கதையை என்னிடம் அழுதபடி சொன்னார். அன்று இடைவேளையில் ஆசிரியர் அறையில், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லாமல், "பாவம் அந்தப் பிள்ளை" என்று தொடங்கி நான் கதைத்துவிட்டேன். பின்னேரம் சந்திக் கடையில் அந்தக் கதை ஓடியது. அதன்பிறகு அந்தத் தாய் கூட்டங்களுக்கு வருவார், கடைசி வரிசையில் இருந்து கையொப்பம் போட்டுவிட்டுப் போய்விடுவார். இப்போதும் சந்தையில் கண்டால் சிரிப்பார். மரக்கறி விலை கதைப்பார்.